மருந்தெதிர்ப்பு: பாக்டீரியா எவ்வளவு தாங்கும் என்பதை எண்ணாகப் படிப்பது

"இந்த மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சு, இனிமேல் கேட்காது" என்று பலரும் சொல்வதுண்டு. ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் இந்தப் பேச்சு தவறான இடத்தைக் கைகாட்டுகிறது. பழகியது உடம்பு அல்ல. மாறியது பாக்டீரியா. அந்த மாறிய பாக்டீரியா இன்னொருவருக்குத் தொற்றினால், வாழ்நாளில் அந்த மாத்திரையைத் தொட்டே பார்க்காதவருக்கும் அது கேட்காது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேரின் இறப்புக்கு இது நேரடிக் காரணம் என்று 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

தமிழில் படிப்பவர்களுக்குச் சொல்லாலேயே ஒரு குழப்பம் வரும். உடலுக்கு இருப்பது நோய் எதிர்ப்பு ஆற்றல். மருந்தின் பெயர் நுண்ணுயிர் எதிர்ப்பி. அந்த மருந்தைப் பாக்டீரியா தாக்குப்பிடிப்பதும் எதிர்ப்பு. மூன்றும் ஒரே சொல்லில் நிற்பதால், படித்தவர்கள்கூட ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இங்கே மருந்தை ஆன்டிபயாட்டிக் அல்லது வெறுமனே மருந்து என்றும், பாக்டீரியாவின் தாக்குப்பிடிப்பை மருந்தெதிர்ப்பு என்றும் மட்டுமே குறிப்பிடுகிறோம்.

சொல்லைத் தாண்டியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மருந்தெதிர்ப்பு ஒரு பாக்டீரியாவுக்கு 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று நினைப்பதுதான் அது. மருத்துவ அறிக்கையில் ஒரு மருந்துக்கு நேராக 'கேட்கும்', 'கேட்காது' என்று பெரும்பாலும் இரண்டில் ஒன்று அச்சாகி வருவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் ஆய்வகத்தில் கிடைப்பது ஒரு எண். அந்த எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்த பிறகுதான் அது 'கேட்கும்', 'கேட்காது' என்று ஆகிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்தால், அறிக்கையில் வராத பல விஷயங்கள் கண்ணுக்குப் படும்.

அந்த எண்ணுக்குப் பெயர் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. ஆய்வகங்களில் எம்.ஐ.சி. என்பார்கள். பாக்டீரியா கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளராமல் தடுக்க, ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது எத்தனை மைக்ரோகிராம் மருந்து வேண்டும் என்பதே அது. எண் சிறிதாக இருந்தால் கொஞ்சம் மருந்தே போதும். எண் ஏற ஏற, பாக்டீரியா கூடுதலாகத் தாங்குகிறது என்று பொருள்.

தட்டு அமைக்கும் முறை

எம்.ஐ.சி. அளக்க நம்பகமான வழி திரவ நீர்த்தல் முறை. 8 வரிசை, 12 பத்தி, ஆக 96 குழிகள் கொண்ட உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் தட்டில் இதைச் செய்வார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மருந்தை ஈ.கோலை பாக்டீரியாவுக்கு எதிராகச் சோதிப்பதை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை மருந்துக் கரைசல். டப்பாவில் இருக்கும் தூள் முழுவதும் மருந்து அல்ல. உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஒரு மில்லிகிராம் தூளில் எத்தனை மைக்ரோகிராம் செயல்படும் மருந்து என்பது தயாரிப்பாளர் தரும் சான்றிதழில் இருக்கும். அது 850 என்று வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராம் கரைசல் 10 மில்லிலிட்டர் வேண்டுமானால் 11.76 மில்லிகிராம் தூள் தேவை. தராசில் சரியாக 11.76-ஐப் பிடிக்கப் போராட வேண்டாம். ஏறக்குறைய அந்த அளவுக்கு எடுத்து, வந்த எடைக்கு ஏற்ப நீரின் அளவை மாற்றுவதுதான் சரி. 12.4 மில்லிகிராம் வந்திருந்தால் 12.4-ஐ 850-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும், 10.54 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் போதும். மாத்திரையைப் பொடித்துக் கரைக்கக் கூடாது. அதில் மருந்தைத் தவிர நிரப்பிகளும் இருப்பதால் செறிவு நம் கையில் இருக்காது.

அடுத்தது வளர்ப்பு நீர்மம். இதற்கென்று ஏற்றுக்கொள்ளப்பட்டது கால்சியம், மக்னீசியம் அளவு சரிசெய்யப்பட்ட மியூல்லர் ஹின்டன் பிராத். தட்டின் 2-ஆம் பத்தி முதல் 12-ஆம் பத்தி வரை ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் பிராத் விட வேண்டும். 1-ஆம் பத்தியில் மட்டும், பிராத்தில் கலந்து மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராமாகக் குறைத்த மருந்தை 200 மைக்ரோலிட்டர் விட வேண்டும். பிறகு 1-இலிருந்து 100 மைக்ரோலிட்டர் எடுத்து 2-இல் விட்டு, பிப்பெட்டால் நாலைந்து முறை இழுத்துவிட்டுக் கலக்கி, அதிலிருந்து 100 எடுத்து 3-இல் விட்டு, இப்படியே 10-ஆம் பத்தி வரை போக வேண்டும். 10-இலிருந்து எடுக்கும் 100 மைக்ரோலிட்டரைக் கொட்டிவிட வேண்டும். இப்போது எல்லாக் குழிகளிலும் 100 மைக்ரோலிட்டர் இருக்கும். செறிவு மட்டும் பத்திக்குப் பத்தி பாதியாகும்.

மூன்றாவது, பாக்டீரியா. முதல் நாள் இரவு வளர்த்த அகார் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) தட்டிலிருந்து ஒரே மாதிரித் தெரியும் மூன்று நான்கு காலனிகளை, அதாவது பாக்டீரியா திட்டுகளை, தொட்டு உப்பு நீரில் கலக்கி, கலங்கல் 0.5 மக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் அலகு) அளவுக்கு வரும்படி சரிசெய்ய வேண்டும். நிறமானியில் 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை காட்டும். அந்தக் கலங்கலில் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி பாக்டீரியா இருக்கும். அதில் 0.1 மில்லிலிட்டரை 14.9 மில்லிலிட்டர் பிராத்தில் விட்டால் 10 லட்சமாகக் குறையும். இதிலிருந்து 1 முதல் 11 வரையுள்ள பத்திகளில் 100 மைக்ரோலிட்டர் விட வேண்டும். மருந்தும் பாக்டீரியாவும் இரண்டுமே பாதியாகிவிடுவதால், 1-ஆம் குழியில் மருந்து 8, கடைசியான 10-ஆம் குழியில் 0.015, பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 5 லட்சம். 11-ஆம் பத்தியில் மருந்து கிடையாது, பாக்டீரியா மட்டும். 12-இல் வெறும் பிராத். 11 கலங்க வேண்டும், 12 தெளிவாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மாறினாலும் அந்தத் தட்டு செல்லாது.

34 முதல் 36 டிகிரி செல்சியஸில் 16 முதல் 20 மணி நேரம் வைத்து எடுத்துப் பார்த்தால், குறைந்த செறிவுப் பக்கம் கலங்கலாகவும் அடியில் வெள்ளைப் பொட்டாகவும் வளர்ச்சி தெரியும். கூடின செறிவுப் பக்கம் தெளிவாக இருக்கும். தெளிவான குழிகளில் மிகக் குறைந்த செறிவு எதுவோ அதுவே எம்.ஐ.சி.

இதோடு கூடவே, குணம் ஏற்கனவே தெரிந்த ஒரு பாக்டீரியாவையும் (கட்டுப்பாட்டு வகை) ஓட்ட வேண்டும். ஈ.கோலைக்கு ஏ.டி.சி.சி. 25922 என்ற வகை. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அதன் எம்.ஐ.சி. 0.004-க்கும் 0.016-க்கும் இடையில் வர வேண்டும். மேலே சொன்ன வரிசையின் கடைசிக் குழி 0.015 என்பதால், இந்த வகை அந்த வரிசையில் எங்குமே வளராமல் போகலாம். அப்போது சரியாக வந்ததா, மருந்து அதிகமாகிவிட்டதா என்று தெரியாது. கட்டுப்பாட்டு வகைக்குத் தனி வரிசை ஒதுக்கி, முதல் குழியில் 16-க்குப் பதில் 0.5-இல் தொடங்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி விட்டுவிடும் இடம் இது.

எங்கே பிசகும்

முதலில் பாக்டீரியா எண்ணிக்கை. 5 லட்சம் என்று சொன்னது சும்மா ஒரு வழக்கத்துக்காக அல்ல. கலங்கலைத் தயாரித்து மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், அதில் உயிரோடுள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கை மாறிப்போகும். அரை மணிக்குள் தட்டில் போய்விட வேண்டும். சரிபார்க்க ஒரு எளிய வழி: பாக்டீரியா விட்ட உடனே 11-ஆம் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லிலிட்டர் உப்பு நீரில் கலக்கி, அதில் 100 மைக்ரோலிட்டரை அகார் தட்டில் பரப்பி வையுங்கள். மறுநாள் 50 காலனி அளவில் வந்தால் சரி. 20-க்குக் கீழே போனாலும் 80-க்கு மேலே போனாலும் அந்த எம்.ஐ.சி.யை நம்பக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து பென்சிலின் குடும்ப மருந்துகளை உடைக்கும். பாக்டீரியா நூறு மடங்கு கூடினால் நொதியும் நூறு மடங்கு கூடும். மருந்து தட்டிலேயே தீர்ந்துபோகும். எம்.ஐ.சி. ஏறியதாகத் தெரியும், ஆனால் பாக்டீரியாவின் இயல்பில் எந்த மாற்றமும் இருக்காது.

பிராத்தில் கால்சியம் லிட்டருக்கு 20 முதல் 25 மில்லிகிராமும், மக்னீசியம் 10 முதல் 12.5 மில்லிகிராமும் இருக்க வேண்டும். ஜென்டமைசின் போன்ற மருந்துகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் கால்சியமும் மக்னீசியமும் உட்கார்ந்திருக்கும் அதே இடங்களைப் பிடித்துத்தான் உள்ளே போகின்றன. பிராத்தில் இவை குறைந்தால் இடம் காலியாக இருக்கும், மருந்து எளிதாக நுழையும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு மருந்து கேட்பதுபோலப் பொய்யாகக் காட்டும். இப்படிப்பட்ட பொய்தான் மற்றதைவிட ஆபத்து. கேட்காத மருந்தைக் கேட்கும் என்று சொல்லி நோயாளிக்குக் கொடுக்க வைத்துவிடும். டாப்டோமைசின் கதை நேர் எதிர். அது வேலை செய்யவே கால்சியம் வேண்டும். அதற்கு மட்டும் லிட்டருக்கு 50 மில்லிகிராம்.

பிராத்தின் அமில-கார அளவு (pH) 7.2 முதல் 7.4. கார்பன் டை ஆக்சைடு பெட்டியில் தட்டை வைத்தால் அமிலத்தன்மை கூடி, ஜென்டமைசினும் எரித்ரோமைசினும் வலுவிழந்ததுபோலத் தெரியும். டிரைமெத்தோப்ரிம், சல்ஃபா மருந்துகளுக்கு வேறொரு தொல்லை: பிராத்தில் தைமிடின் மிஞ்சியிருந்தால், மருந்து அடைத்த வழியை விட்டுவிட்டு அந்தத் தைமிடினை எடுத்துக்கொண்டே பாக்டீரியா வளரும். கோலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டும் குணமுள்ளது. அதைக் கண்ட கண்ட குழாயில் நீர்த்தால், கடைசிக் குழிகளுக்குப் போய்ச் சேரும் மருந்து கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

வரிசையில் நடுவே ஒரு குழி மட்டும் தெளிவாகவும், அதற்கு அடுத்த கூடின செறிவில் வளர்ச்சியும் தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் குழியில் பாக்டீரியா விழவில்லை என்று அர்த்தம். ஒன்று என்றால் பொருட்படுத்தாமல், வளர்ச்சி முழுதாக நின்ற குழியை எம்.ஐ.சி.யாக எடுக்கலாம். இரண்டு, மூன்று என்றால் மறுபடி செய்யத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் எம்.ஐ.சி. ஒரு படி முன்பின் ஆகும். இன்று 0.5 வந்தது நாளை 1 வந்தால் பாக்டீரியா மாறிவிட்டது என்று எழுதக் கூடாது. இரண்டு படியாவது, அதாவது நான்கு மடங்காவது நகர்ந்தால்தான் பேசலாம்.

வட்டத்தைப் படிப்பது

தினசரி வேலைக்குப் பல ஆய்வகங்கள் பயன்படுத்துவது காகித வில்லை முறை. பாக்டீரியா பூசிய அகார் மேல் மருந்து ஊறிய வில்லையை வைத்தால், மருந்து சுற்றிலும் பரவி வளர்ச்சியில்லாத ஒரு வட்டம் விழும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். மூன்று பதினைந்து நிமிடங்களை நினைவில் வையுங்கள்: கலங்கல் தயாரான 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும், பூசிய 15 நிமிடத்துக்குள் வில்லை வைக்க வேண்டும், வைத்த 15 நிமிடத்துக்குள் அடைகாப்பானுக்குள் போக வேண்டும்.

அகாரின் ஆழம் 4 மில்லிமீட்டர். 90 மில்லிமீட்டர் தட்டுக்கு ஏறக்குறைய 25 மில்லிலிட்டர். சிக்கனம் பார்த்து மெல்லிசாக ஊற்றினால் மருந்து பக்கவாட்டில் அதிக தூரம் போய் வட்டம் பெரிதாகும், கேட்காத மருந்தும் கேட்பதுபோல் தெரியும். தடிமனாக ஊற்றினால் தலைகீழ். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த வில்லைக் குப்பியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும், பென்சிலின் வகை வில்லைகள் மெல்ல வலுவிழக்கும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறப்பதே வழி. கோலிஸ்டினுக்கு இந்த முறையே ஆகாது. பெரிய மூலக்கூறு என்பதால் அகாருக்குள் சரியாகப் பரவாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய வட்டம் காட்டிய மருந்துதான் நல்ல மருந்து என்பது தவறு. ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு, வில்லையில் ஏற்றிய அளவு வேறு. எம்.ஐ.சி.க்கும் இதேதான். ஒரு மருந்துக்கு 0.25, இன்னொன்றுக்கு 2 என்று வந்தால், முதலாவது எட்டு மடங்கு சிறந்தது என்று ஆகாது. அந்தந்த மருந்து இரத்தத்தில் எவ்வளவு ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதோடு ஒப்பிட்டே கோடு கிழிக்கிறார்கள். அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ., ஐரோப்பாவின் யூகாஸ்ட் ஆகிய அமைப்புகள் இந்தக் கோடுகளை வெளியிட்டு ஆண்டுதோறும் திருத்துகின்றன. பழைய அட்டவணையை வைத்துப் படித்தால் அறிக்கையே மாறிவிடும். அறிக்கையில் 'கேட்கும்', 'கேட்காது' இரண்டுக்கும் நடுவில் சில நேரம் வரும் 'ஐ' (I) என்ற எழுத்தைப் பலர் 'சந்தேகம்' என்று படிக்கிறார்கள். யூகாஸ்ட் 2019 முதல் அதற்குத் தரும் பொருள் வேறு: மருந்தின் அளவையோ உடலில் அது சேரும் விதத்தையோ கூட்டினால் கேட்கும் என்பது.

எண் ஏன் ஏறுகிறது

சிப்ரோஃப்ளாக்சசினையே தொடர்வோம், ஏனென்றால் இதில் படிகள் தெளிவாகத் தெரியும். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைப் பிரித்துப் படியெடுக்கும்போது, பிரியும் இடத்துக்கு முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஜைரேஸ் என்ற நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டி, இன்னொரு பகுதியை அந்த வெட்டுக்குள் செலுத்தி, மறுபடி ஒட்டும். மருந்து வந்து சிக்கிக்கொள்வது வெட்டியபின், ஒட்டுவதற்கு முன். வெட்டு வெட்டாகவே நின்றுவிட, டி.என்.ஏ. துண்டாகிறது. ஒரு மக்னீசியம் அயனியும் அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளும் மருந்தை நொதியோடு பிணைக்கும் பாலம். அந்தப் பாலத்தின் ஒரு கால் ஊன்றியிருப்பது, ஜைரேஸின் 83-ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில்.

சடுதிமாற்றத்தால் அந்தச் செரின் லியூசினாக மாறினால் கால் ஊன்ற இடமில்லை. நொதி தன் வேலையைப் பார்க்கும், மருந்தின் பிடி மட்டும் தளரும். எம்.ஐ.சி. 0.015-இலிருந்து 0.25–0.5 அளவுக்கு ஏறும். ஈ.கோலைக்குக் 'கேட்கும்' என்ற கோடு 0.25-இல் இருக்கிறது. ஆகவே 0.25 வந்த பாக்டீரியாவுக்கு அறிக்கை 'கேட்கும்' என்றே சொல்லும். ஆனால் அது ஏற்கனவே ஒரு படி ஏறிவிட்ட பாக்டீரியா. மாற்றம் எதுவும் இல்லாத ஈ.கோலையின் எம்.ஐ.சி. 0.06-ஐத் தாண்டுவதில்லை. எண்ணைப் பார்ப்பவருக்கு இது தெரியும், எழுத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இரண்டாவது இலக்கும் உண்டு: டோபோஐசோமரேஸ் 4 என்ற நொதி. அதன் 80-ஆவது செரின் மட்டும் மாறினால் ஈ.கோலையின் எம்.ஐ.சி. நகர்வதே இல்லை. மருந்து முதலில் பிடிப்பது ஜைரேஸை. அங்கேயே கதை முடிந்துவிடும் என்பதால் இரண்டாவது இலக்கு எப்படி இருந்தாலும் பயனில்லை. ஜைரேஸ் மாறிய பிறகு இந்த மாற்றமும் சேர்ந்தால் எண் 1 அளவுக்குப் போகிறது. ஜைரேஸில் 87-ஆவது இடமும் மாறி, மூன்றும் கூடினால் 32. மூன்றே மூன்று எழுத்துப்பிழைகள், தொடக்கத்திலிருந்து இரண்டாயிரம் மடங்கு.

பென்சிலின் குடும்பத்தில் வழி வேறு. அந்த மருந்துகளின் நடுவே நான்கு அணுக்கள் கொண்ட வளையம் இருக்கிறது. நான்கு மூலை என்பதால் பிணைப்புகள் ஏறக்குறைய செங்கோணத்துக்கு வளைந்து, உடையத் தயாராக விறைத்து நிற்கும். செல் சுவர் கட்டும் நொதி அதைத் தொட்டால் வளையம் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது. சுவர் வேலை நின்றுபோகும். பீட்டா-லாக்டமேஸும் அதே மாதிரிதான் தன்னிடமுள்ள ஒரு செரினால் வளையத்தைத் திறந்து மருந்தோடு ஒட்டுகிறது. ஆனால் அதன் குழிவுக்குள் ஒரு நீர் மூலக்கூறு சரியான இடத்தில் நிற்கிறது; அது மருந்தை அறுத்து வெளியே தள்ள, நொதி அடுத்ததைப் பிடிக்கத் தயாராகிவிடுகிறது. டெம்-1 என்ற வகை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பென்சிலின் மூலக்கூறுகளை இப்படி உடைக்கும். பீட்டா-லாக்டமேஸை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் அறிவித்தது 1940-இல். பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அதை உடைக்கும் நொதி இருந்திருக்கிறது. 30,000 ஆண்டுப் பழமையான உறைபனி மண்ணில் எடுத்த டி.என்.ஏ.விலும் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்தன. மண்ணில் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் காலங்காலமாக வாழ்வதால் இதில் வியப்பில்லை. நாம் மருந்தைக் கொட்டிக் கொட்டி, அந்த மரபணு வைத்திருப்பவற்றை மட்டும் பெருக விட்டோம்.

கிளாவுலானிக் அமிலம் இந்த நொதியில் போய்ச் சிக்கி அதைச் செயலிழக்க வைக்கும். அமோக்சிசிலினோடு அதைச் சேர்த்துத் தருவது அதனால்தான். என்.டி.எம். என்ற இன்னொரு வகைப் பீட்டா-லாக்டமேஸ்கள் செரினுக்குப் பதில் துத்தநாக அயனிகளைக் கொண்டு வளையத்தை உடைப்பதால், அவற்றிடம் கிளாவுலானிக் அமிலம் செல்லுபடியாகாது.

உள்ளே நுழையும் துளைகளைக் குறைப்பது, நுழைந்ததை வெளியே இறைப்பது என்று மற்ற வழிகளும் உண்டு. இறைக்கும் பம்புகள் ஒரே மருந்தோடு நிற்பதில்லை, ஈ.கோலையின் ஏ.சி.ஆர். பம்பு வேகம் கூடினால், தொடர்பே இல்லாத பல மருந்துகளின் எம்.ஐ.சி. ஒருசேரச் சில மடங்கு ஏறும். ஏற்றம் சிறியதுதான். ஆனால் மேலே சொன்ன படிகளோடு சேரும்போது கோட்டைத் தாண்ட வைப்பது பல நேரம் அந்தச் சிறிய ஏற்றமே.

மாற்றத்தை மருந்தா உண்டாக்குகிறது?

மருந்தைப் பார்த்து, அதற்கேற்பப் பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறது என்று தோன்றலாம். 1943-இல் லூரியா, டெல்புரூக் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது மருந்தை அல்ல, பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு வைரஸை. ஆனால் தர்க்கம் ஒன்றே. பல குழாய்களில் தனித்தனியாகப் பாக்டீரியாவை வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரஸ் பூசிய தட்டில் பரப்பினார்கள். வைரஸைத் தொட்ட பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால், எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் தப்பியவை இருக்க வேண்டும். நடந்தது வேறு. பல தட்டுகளில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, ஏதோ ஒன்றில் மட்டும் ஏராளம். அந்த ஒன்றில் மாற்றம் வளர்ச்சியின் தொடக்கத்திலேயே நிகழ்ந்து, அதன் வாரிசுகள் பெருகியிருந்தன. அதாவது வைரஸ் வருவதற்கு முன்பே மாறியவை அங்கே இருந்தன.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். ரிஃபாம்பிசினுக்கு எதிரான மாற்றம் ஏறக்குறைய 10 கோடிப் பாக்டீரியாவில் ஒன்றில் இருக்கும். 100 கோடி இருக்கும் தொற்றில், முதல் மாத்திரை உள்ளே போகும் முன்பே பத்துக்குப் பக்கம் தயாராக இருக்கின்றன. சம அளவு அரிதான மாற்றம் தேவைப்படும் இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒரே பாக்டீரியா தப்ப 10 கோடியை 10 கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் ஒன்று வேண்டும். எந்த உடம்பிலும் அவ்வளவு இருக்காது. காசநோய்க்கு ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்று நான்கைச் சேர்த்துத் தொடங்குவதற்கு இந்தப் பெருக்கலே அடிப்படை.

இந்தக் கணக்கை உடைப்பது பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம் அது. இரண்டு பாக்டீரியாக்கள் நெருங்கி இணையும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதன் நகல் போய்விடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1950-களில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்பு நோயாளிகளிடம் கிடைத்த ஷிகெல்லா பாக்டீரியா சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்கிளின் நான்கையும் ஒருசேரத் தாங்கியது. நான்கு தனித்தனிச் சடுதிமாற்றங்கள் ஒன்றில் கூடுவதற்கு வாய்ப்பே இல்லை என்று மேலே பார்த்தோம். நான்கு மரபணுக்களும் ஒரே பிளாஸ்மிடில் அடுக்கி, ஒரே தவணையில் வந்து சேர்ந்திருந்தன. கோலிஸ்டினுக்கு எதிரான எம்.சி.ஆர்.-1 மரபணு பிளாஸ்மிடில் இருப்பதைச் சீனாவில் கண்டறிந்து 2015-இல் அறிவித்தபோது ஆய்வாளர்கள் பதறியதும் இதனால்தான். கோலிஸ்டினுக்கு மருந்தெதிர்ப்பு அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அது அந்தந்தப் பாக்டீரியாவோடு நின்றிருந்தது.

ஒரே பிளாஸ்மிடில் அடுக்கி இருப்பதால் இன்னொரு விளைவும் வரும். டெட்ராசைக்கிளினை மட்டும் கொடுத்தாலும், பக்கத்தில் உள்ள மற்ற மூன்று மரபணுக்களும் அதோடு சேர்ந்து பெருகும். ஒரு மருந்தை நிறுத்திவிட்டால் அதற்கான மருந்தெதிர்ப்பு தானாக மறையும் என்று எதிர்பார்ப்பது பல நேரம் பொய்த்துப்போவதற்கு இது ஒரு காரணம். மருந்தெதிர்ப்பைச் சுமப்பதால் வளர்ச்சி மந்தமாகும் பாக்டீரியாக்களும் வேறொரு மாற்றத்தால் அந்தக் குறையை ஈடுகட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம்.

எண்ணில் தெரியாதது

எம்.ஐ.சி. வளர்ச்சி நின்றதைச் சொல்லும், செத்ததைச் சொல்லாது. தெளிவான குழியிலிருந்து எடுத்து மருந்தில்லாத அகாரில் பரப்பினால் சில நேரம் காலனிகள் முளைக்கும். தொடங்கிய எண்ணிக்கையில் 99.9 விழுக்காடு செத்த மிகக் குறைந்த செறிவுக்குத் தனிப் பெயர் உண்டு: குறைந்தபட்சக் கொல் செறிவு.

1944-இல் ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர், பென்சிலினில் போட்ட ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக் கூட்டத்தில் மிகச் சில சாகாமல் மிஞ்சுவதைக் கவனித்தார். மிஞ்சியவற்றை வளர்த்து மறுபடி பென்சிலினில் போட்டால், முன்பு போலவே பெரும்பாலானவை செத்தன, மறுபடி மிகச் சில மிஞ்சின. அவற்றின் மரபணுவில் மாற்றமில்லை; மருந்து வந்த நேரத்தில் அவை வளராமல் உறங்கிக்கிடந்தன. செல் சுவர் கட்டாத பாக்டீரியாவிடம் பென்சிலின் எதை நிறுத்த முடியும்? இவற்றுக்கு அவர் நிலைப்பிகள் என்று பொருள்படும் பெயர் வைத்தார். எம்.ஐ.சி. தட்டில் இவை தெரியவே தெரியாது, எண் அசையாது. பார்க்க வேண்டுமானால் எம்.ஐ.சி.யைப் போலப் பத்து மடங்கு மருந்தில் பாக்டீரியாவைப் போட்டு, 0, 2, 4, 6, 24 மணியில் மாதிரி எடுத்து, மருந்தைக் கழுவிவிட்டு அகாரில் பரப்பி எண்ண வேண்டும். மருந்தைக் கழுவாமல் பரப்பினால், மாதிரியோடு ஒட்டிவந்த மருந்தே அகாரிலும் வளர்ச்சியைத் தடுத்துவிடும். உயிரோடு இருந்தவையும் செத்தவைக் கணக்கில் போய்விடும். சரியாகச் செய்தால் வரைபடத்தில் கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு ஓரிடத்தில் வளைந்து ஏறக்குறைய படுத்துவிடும். அந்தப் படுத்த பகுதியில் இருப்பவைதான் நிலைப்பிகள்.